ரோஜாவுக்குள் சீரகம்: மஸ்கட்டுக்கு ஒரு கடிதம்

நாகர்கோவில்

அன்புள்ள தாசுக்கு,

உன் கடிதம் வந்தது. மதினியின் முட்டுவலி இப்போது தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். ஓணம் நெருங்குகிறது, தோவாளையில் பிச்சிக்கும் கேந்திக்கும் காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை. மற்ற ஊர் விசேஷமெல்லாம் டிசம்பரில் நீ லீவுக்கு வரும்போது பேசிக்கொள்ளலாம். நீ கேட்ட சென்ட் விஷயத்துக்கு வருகிறேன். அதை இரண்டு வரியில் சொல்லி முடிக்க முடியாது.

மகள் துபாயிலிருந்து கொண்டுவந்த ரோஸ் 31-ஐ அடித்துப் பார்த்துவிட்டு, "ரோஜா எங்கே? சீரக வெள்ளமும் ஆசாரிப் பட்டறையும்தான் மணக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். உன் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அதில் சீரகம் உண்டு. சீடர் மரம், குவாயாக் மரம், வெட்டிவேர், குந்திரிக்கம் எல்லாம் உண்டு. ரோஜாவும் உண்டு. ஆனால் சின்ன வயதிலிருந்து நாம் ரோஜா என்று பழகியது பன்னீரின் மணத்தை. இடிப்பது அங்கேதான்.

பூவைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சி வடிக்கும்போது அதன் மணம் இரண்டாகப் பிரிகிறது. ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் என்ற பொருள் தண்ணீரில் நன்றாகக் கரையும். அது பன்னீரோடு போய்விடும். மேலே மிதக்கும் எண்ணெயில் சிட்ரோனெல்லால் (citronellol), ஜெரானியால் (geraniol), நெரால் (nerol) போன்றவை தங்கும். கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கிற பன்னீர், ரோஸ் மில்க், கடை ஊதுபத்தி எல்லாம் அந்த முதல் பொருளைச் சுற்றியே நிற்பவை. மென்மை, இனிப்பு, கொஞ்சம் தேன், அவ்வளவுதான். முழு ரோஜா அப்படி இல்லை. அதில் எலுமிச்சையின் புளிப்பு, பச்சை இலையின் கசப்பு, கிராம்பின் காரம், வேகவைத்த ஆப்பிள் போன்ற ஒரு கனம் எல்லாம் இருக்கின்றன. கிராம்பு என்று நான் சும்மா சொல்லவில்லை. நம் மாறாமலைக் கிராம்பை மணக்க வைக்கிற அதே யூஜெனால் ரோஜா எண்ணெயிலும் சிறிதளவு இருக்கிறது.

அந்த வெந்த ஆப்பிள் கனத்துக்குக் காரணம் டமாசெனோன். பல்கேரிய ரோஜா எண்ணெயில் அது இருப்பதைக் கண்டுபிடித்து 1970-இல் வெளியிட்டார்கள். எண்ணெயில் சுமார் 0.14 சதவீதம்தான் இருக்கும். ஆனாலும் அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பதை ரோஜா என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்று நான்கு டன் பூ வேண்டும். அதையும் வெயில் ஏறுவதற்குள் பறிக்க வேண்டும். அதனால் பாட்டிலில் வருகிற ரோஜா பெரும்பாலும் கொஞ்சம் இயற்கை எண்ணெயையும் நிறைய தனிப் பொருட்களையும் சேர்த்துக் கட்டியதுதான். இதில் குறைவு ஒன்றும் இல்லை. ரோஜாவின் எந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டுவது, எதை அடக்கி வைப்பது என்பது கட்டுகிறவரின் தேர்வு. அந்தத் தேர்வில்தான் ஒரு ரோஜா இன்னொன்றிலிருந்து பிரிகிறது.

ரோஸ் 31-ஐக் கட்டியவர் டாஃப்னே பூஜே. நியூயார்க்கில் லெ லாபோ கம்பெனி தொடங்கிய 2006-லேயே வந்த சென்ட் இது. 31 என்பது சேர்மானங்களின் எண்ணிக்கை. பெண்களுக்கென்று ஒதுக்கி வைத்த பூவை ஆணும் போடும்படி மாற்றுவதுதான் நோக்கம். அதைச் சர்க்கரையைக் குறைத்து மட்டும் செய்துவிட முடியாது. பூஜே, ரோஜாவிலேயே இருக்கிற காரத்தைப் பிடித்துக்கொண்டு சீரகத்தால் அதை நீட்டினார். பூவின் ஈரத்தைச் சீடரும் குவாயாக்கும் உறிஞ்சிக்கொண்டன. அதனால் பூ எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாமல் நிற்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த வேலை.

சீரகத்தில் ஒரு சிக்கல் உண்டு. அதன் முக்கியப் பொருளான க்யூமின் ஆல்டிஹைடு பல மூக்குகளுக்கு வேர்வை நாற்றமாகவே தெரியும். சூடான, வேர்த்த தோலில் அது இன்னும் முன்னே வரும். மஸ்கட் வெயிலில் கழுத்தில் நான்கு முறை அடித்தால் சீரகம் தவிர வேறெதுவும் தெரியாது. ஒரே ஒரு முறை, அதுவும் பருத்திச் சட்டையின் உள்பக்கம், இடுப்புக்குச் சற்று மேலே அடித்துப் பார். துணியில் உடல் சூடு குறைவு. சீரகம் அடங்கி ரோஜா மெல்ல எழும். வெள்ளைச் சட்டை என்றால் உள்மடிப்பில் அடி, நிறமுள்ள சென்ட் கறை விடலாம்.

எந்த சென்டாக இருந்தாலும் மோந்து பார்க்க ஒரு முறை இருக்கிறது. கடையில் அடித்த கையோடு முகருவதுதான் எல்லாரும் செய்வது. அந்த முதல் அரை நிமிடத்தில் எத்தனாலின் எரிச்சல்தான் தெரியும். காகிதப் பட்டையில் ஒரு முறை அடித்து, பெயரையும் நேரத்தையும் பென்சிலால் எழுதி வை. ஐந்து நிமிடம், அரை மணி, மூன்று மணி, மறுநாள் காலை என்று நான்கு தடவை முகர். ரோஸ் 31 ஐந்தாவது நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது மணியில் வேறொன்று. முதலில் வந்த சீரகத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் பின்னால் வருகிற வெட்டிவேரை நீ பார்க்கவே இல்லை என்று அர்த்தம். பட்டையில் பிடித்த பிறகுதான் தோலுக்குப் போக வேண்டும். முழங்கையின் உள்பக்கம் ஒரு தடவை போதும். மணிக்கட்டில் போட்டால் கை கழுவும்போது போய்விடும். தேய்க்காதே, தேய்த்தால் சூடேறி மேல்மணம் சீக்கிரம் பறந்துவிடும். ஒரு நாளில் மூன்றுக்கு மேல் வேண்டாம். கடைக்காரர் காப்பிக்கொட்டையை நீட்டுவார். அதுவும் இன்னொரு வாசனைதான். அதைவிட உன் சட்டைக் கையில் முகத்தைப் புதைத்து நாலு மூச்சு விடுவது நல்லது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த நாளில் சோதித்துப் பார்க்காதே, எண்ணெயின் மணம் குறுக்கே வரும்.

"நிஷ் என்றால் என்ன, விலை கூடினால் நிஷ்ஷா?" என்றும் கேட்டிருந்தாய். விலை அதற்கு அளவுகோல் இல்லை. துணிக் கம்பெனியின் பெயரையும் நடிகையின் முகத்தையும் வைத்து எல்லாருக்கும் பிடிக்கும்படி ஒன்றை விற்பது ஒரு வழி. சிலருக்குப் பிடிக்காமல் போனாலும் பரவாயில்லை என்று ஒரு எண்ணத்தை விடாமல் கட்டுவது இன்னொரு வழி, அதுதான் நிஷ். 1976-இல் பாரிஸில் ழான் லபோர்த் தொடங்கிய லார்டிசான் பர்ஃப்யூமர் அந்த இரண்டாவது வழியின் மூத்த பெயர்களில் ஒன்று. 2000-இல் ஃப்ரெடரிக் மால், சென்டைக் கட்டியவரின் பெயரையே பாட்டிலில் போட ஆரம்பித்தார். இன்று இவற்றில் பல பெரிய கம்பெனிகளின் கையில். லெ லாபோவையே 2014-இல் எஸ்டே லாடர் வாங்கிவிட்டது. ஆகவே லேபிளைப் பார்த்து மயங்க வேண்டாம், உள்ளே இருப்பதை முகர்ந்து பார்.

ரோஜாவிலிருந்தே இந்த உலகத்துக்குள் நுழைவது நல்லது என்பது என் எண்ணம். பூவை நீ ஏற்கெனவே அறிவாய். அதனால் கட்டியவர் எங்கே கை வைத்தார் என்பது உடனே தெரிந்துவிடும். ஊது என்ற அகில் மரமும் ரோஜாவும் கலந்த அரபு அத்தர் உனக்குப் பழக்கம். அங்கிருந்து ஒரு எட்டு வைத்தால் டொமினிக் ரோப்பியோன் கட்டிய போர்ட்ரெயிட் ஆஃப் எ லேடி. 2010-இல் வந்தது. ரோஜாவோடு பச்சோலி என்ற வாசனை இலையும் குந்திரிக்கமும். கனமானது, ஒரு அடிக்கு மேல் தாங்காது. இன்னும் பழையது மிஷேல் அல்மெராக் 1993-இல் லார்டிசானுக்குக் கட்டிய வொலூர் த ரோஸ். மழை பெய்த மண்ணில் விழுந்த ரோஜா என்று சொல்லலாம், பச்சோலிதான் அந்த மண். லிப்ஸ்டிக் ரோஸ் நேர் எதிர்: ரோஜாவும் வயலட்டும் சேர்ந்து முகப்பூச்சு டப்பாவைத் திறந்த மணம். மதினிக்கு அது பிடிக்கலாம். ஒன்றுக்கும் முழு பாட்டில் வாங்காதே. 2 மி.லி. கண்ணாடிக் குப்பி போதும், இருபது முப்பது அடி வரும். பிளாஸ்டிக் ஸ்பிரேயில் ஊற்றித் தந்தால் வேண்டாம் என்று சொல்; கசியும், மாதக்கணக்கில் வைத்தால் மணமும் கெடும்.

கையால் கட்டிப் பார்க்க ஆசை என்று எழுதியிருந்தாயே, அதற்கும் வழி சொல்கிறேன். 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு ஒன்று வேண்டும். சொட்டுக் கணக்கு வேண்டாம். ஒவ்வொரு திரவத்தின் சொட்டும் ஒவ்வொரு எடை. பத்து கிராமுக்கு அளவு இது: ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் 4.0, சிட்ரோனெல்லால் 3.0, ஜெரானியால் 1.8, ஜெரானில் அசிட்டேட் 0.3, பத்து சதவீதமாகக் கரைத்த யூஜெனால் 0.3, ஒரு சதவீதமாகக் கரைத்த டமாசெனோன் 0.4, பத்து சதவீதமாகக் கரைத்த ரோஸ் ஆக்சைடு 0.2. கடைசி மூன்றையும் கரைத்துத்தான் எடுக்க வேண்டும். நேரடியாக நிறுத்தால் ஒரு துளி கூடிப்போனாலும் மொத்தமும் பாழ். கரைக்க டிப்ரொப்பிலீன் கிளைக்கால் போதும். எத்தனாலுக்கு ஊரில் கலால் விதி இருக்கிறது, சில்லறையாகக் கிடைப்பது கஷ்டம். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டையும் சானிடைசரையும் தொடாதே, அவற்றின் சொந்த நாற்றம் போகாது. இரண்டு மூன்று நாள் மூடி வைத்துவிட்டுக் காகிதப் பட்டையில் தொட்டு முகர். தோலில் வேண்டாம், ஜெரானியால், யூஜெனால் எல்லாம் சிலருக்கு அலர்ஜி தரும்.

கெட்டுப்போனால் எது கூடிவிட்டது என்பதை மூக்கே சொல்லும். வெறும் பன்னீராக நின்றால் ஃபீனைல் எத்தில் ஆல்கஹால். புல் வாடை வந்தால் ஜெரானியால். உலோகமும் ஜெரேனியம் இலையும் போல வந்தால் ரோஸ் ஆக்சைடு. ஜாம் காய்ச்சிய மணம் வந்தால் டமாசெனோன். பல் டாக்டர் ரூம் மணம் வந்தால் யூஜெனால். கூடியதைத் திரும்ப எடுக்க முடியாது. மற்றவற்றை அதே விகிதத்தில் கூட்டிச் சரிசெய்வதுதான் வழி.

ரோஜா சரியாக நின்றபின் அதை இரண்டு குப்பியாகப் பிரி. ஒன்றை அப்படியே வை. மற்றதில் ஒரு சதவீதமாகக் கரைத்த சீரக எண்ணெயை ஒவ்வொரு துளியாகச் சேர்த்து, ஒவ்வொரு துளிக்கும் ஒரு பட்டை எடு. ஆரம்பத்தில் சீரகம் தனியாகத் தெரியாது. ரோஜாவுக்கு ஒரு சூடு ஏறியது போல மட்டும் இருக்கும். கொஞ்சம் தாண்டியதும் பூவின் உள்ளிருந்து தோல் மணம் வரும். அதையும் தாண்டினால் ரசப்பொடி. நடுவில் இருக்கிற அந்தக் குறுகிய இடத்தில் நின்றுதான் பூஜே வேலை செய்திருக்கிறார். பட்டைகளை வரிசையாக வைத்து முகர்ந்து பார்த்தால், உன் குப்பியில் இருப்பது ரோஜாதானா என்ற கேள்விக்கு நான் எழுதியதைவிடத் தெளிவாகப் பதில் கிடைக்கும்.

உன் பக்கத்திலேயே ஜெபல் அக்தர் இருக்கிறது. ஏப்ரலில் அங்கே ரோஜா பறித்து மண் அடுப்பில் விறகு வைத்துக் காய்ச்சுவார்கள். அந்தப் பன்னீரில் புகை மணம் ஏறியிருக்கும். சுத்தமான பன்னீர் மட்டுமே ரோஜா என்று நினைக்கிறவர்கள் அதைப் பழுது என்பார்கள். நீ அதை ரோஸ் 31-க்குப் பக்கத்தில் வைத்து முகர்ந்து பார், இரண்டும் உறவு என்று தெரியும். அடுத்த வசந்தத்தில் ஒரு பாட்டில் வாங்கி வை.

குப்பிகளை பாத்ரூமிலும் கார் டேஷ்போர்டிலும் வைக்காதே. சூடும் வெளிச்சமும் முதலில் எலுமிச்சை மணத்தைத் தின்னும், பிறகு மொத்தமும் புளித்துவிடும். அட்டைப்பெட்டியோடு பீரோவின் அடித்தட்டு போதும், ஃப்ரிட்ஜ் தேவையில்லை.

டிசம்பரில் வரும்போது சலாலாக் குந்திரிக்கம் நூறு கிராம், அந்த ரோஸ் 31 குப்பியில் மிச்சம் இருப்பது, இரண்டையும் கொண்டுவா மக்கா. விடியக்காலையில் தோவாளைக்குப் போய் பன்னீர் ரோஜா கால் கிலோ வாங்கலாம். ஓசூர் கட் ரோஸ் வேண்டாம், அதில் நிறம்தான், மணம் இல்லை. மாறாமலைக் கிராம்பு என்னிடம் இருக்கிறது. மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். சட்டையில் அடித்துப் பார்த்து என்ன தெரிந்தது என்று உடனே எழுது.

உன்,
சுகு