மகளுக்கு, உவர்மலையிலிருந்து

அன்பு மகள்,

நீ லண்டனில் ஓடி முடித்துப் பதக்கத்தோடு நிற்கிற படத்தை அண்ணா காட்டினான். அப்பா அதை பத்திரகாளி கோவிலடி வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். எனக்கும் பெருமைதான். ஆனால் தோள் எலும்பு அப்படித் தள்ளிக்கொண்டு தெரிய வேண்டுமா? சரி, விடு.

ஏ.எல். பிள்ளைகள் இன்னும் ரியூசனுக்கு வருகிறார்கள். போன கிழமை ஓமோன் பாடம். மூளை ஜி.என்.ஆர்.எச். என்கிற ஓமோனை விடும், அது சொல்லக் கபச்சுரப்பி எல்.எச். என்கிற ஓமோனை விடும், சூலகத்து ஈஸ்ட்ரோஜன் திரும்பிப் போய் மூளையை அடக்கும் என்றுதான் நான் படித்தேன். ஆனால் ஜி.என்.ஆர்.எச். கலங்களில் ஈஸ்ட்ரோஜனைப் பிடிக்கிற முக்கிய வாங்கியே இல்லை. நடுவில் கிஸ்பெப்டின் என்கிற பொருளை விடுகிற மூளைக் கலங்கள் நின்றுதான் சேதி சொல்கின்றன. இதன் முக்கியத்துவம் தெரிந்ததே 2003இல்தான். ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருக்கும்போது அடக்கும். கூடி இரண்டு நாளளவில் அப்படியே நின்றால் அதுவே தூண்டிவிடும். எல்.எச். பொங்கி முட்டை வெளியே வரும். "ஒரே ஓமோன் எப்படி டீச்சர் இரண்டையும் செய்யும்?" என்று ஒரு பொடியன் கேட்டான். எலியில் அடக்க ஓரிடத்துக் கலங்கள், தூண்ட வேறிடத்துக் கலங்கள் என்றேன். நீயும் இப்படித்தான் கேள்வி கேட்பாய்.

அந்தக் கிஸ்பெப்டின் கலங்கள் வயிற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும், மகள். சாப்பாடு குறைந்து ஓட்டம் கூடினால் கொழுப்பு விடுகிற லெப்டின் ஓமோன் இறங்கும், ஜி.என்.ஆர்.எச். துடிப்பு மந்தமாகும், மாதவிடாய் நின்றுபோகும். ஈஸ்ட்ரோஜன் இல்லாவிட்டால் எலும்பும் தேயும். கருத்தடை மாத்திரை போட்டு வருகிற இரத்தத்தைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைக்கக் கூடாது.

தங்கச்சி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளோடு சண்டைக்குப் போகாதே.

பிள்ளை பெறு என்று நான் கேட்கவில்லை. அது பெரியம்மாவின் கதை. டொக்டரிடம் போ. கர்ப்பம், தைரொயிட், புரோலக்டின் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஓட்டத்தைக் குற்றம் சொல்வார்கள். ஓடுவதை நிறுத்தச் சொல்லவில்லை, ஓடுகிற அளவுக்குச் சாப்பிடு. காலையில் வெறும் கோப்பியோடு ஓடாதே. சாப்பிடு. சின்ன வயதில் உளுத்தங்களியைப் பூனைக்கு வைத்தவள் நீ, எனக்குத் தெரியாதென்று நினைத்தாய்.

உளுத்தம்மாவும் நல்லெண்ணெயும் பார்சலில் வருகின்றன. போத்தலைப் பழைய சாரத்தில் சுற்றியிருக்கிறேன், கவனமாய் அவிழ். டொக்டர் திகதி தந்தால் எனக்குச் சொல்லாவிட்டாலும் தங்கச்சிக்காவது சொல்லு.

அம்மா