தேயிலை இயந்திரமும் கத்தியும்

ஐயா,

ஜப்பானிலிருந்து ஏற்றுமதியாகும் தேயிலை அறுவடை இயந்திரங்களில் நேர்க்கத்தி, வளைவுக்கத்தி என இரண்டு வகை உண்டு. அந்நாட்டில் செடி வரிசையை வில்போல் வளைத்து வெட்டுவார்கள். நீலகிரியில் செடியின் மேல்மட்டம் தட்டை. இங்கே வளைவுக்கத்தி ஓட்டினால் ஓரத்தில் முற்றிய இலையும் குச்சியும் சேரும், நடுவில் கொழுந்து தங்கிவிடும். விற்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்வதுதானே முறை?

கத்தி மழுங்கினாலோ, மேல் கீழ் கத்திகளுக்கு இடைவெளி கூடினாலோ கொழுந்து வெட்டுப்படாமல் கிழியும். கிழிந்த இடம் சிவக்கும், பச்சை இலை விலை போகாது. இயந்திரத்தின் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் ஜாம்தான். 25:1 கலவை (25 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில்) கேட்கும் இயந்திரத்துக்கு லிட்டருக்கு 40 மில்லி ஆயில் சேர்க்க வேண்டும். தமிழில் கையேடும், குன்னூரிலேயே மாற்றுக் கத்தியும் விற்பவர்கள் கிடைக்கச் செய்ய வேண்டும்.

சிறு தேயிலை விவசாயிகள்,
கோத்தகிரி