இல்க்லி மூரின் கற்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பின் நீ மறுபடியும் தொல்லியல் நூல்களைக் கையில் எடுத்திருக்கிறாய் என்பதும், தங்கையின் முழங்கால் வலி குறைந்துவிட்டது என்பதும் மனத்துக்கு நிறைவாக இருந்தன. இங்கே அனைவரும் நலம். மகனுக்கு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வேலை கிடைத்து நாங்களும் அவனோடு வந்துவிட்டதால், நீ விசாரித்திருந்த இல்க்லி மூர் இப்போது அரைமணி நேர ரயில் பயணத்தில் இருக்கிறது.

யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதியில், வார்ஃப், ஏர் என்னும் இரண்டு ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்கு நடுவே, 402 மீட்டர் வரை உயர்ந்து கிடக்கும் மேட்டுநிலம் அது. மரங்கள் அரிது, கால் புதையும் கரிய பீட் மண்ணும், ஆகஸ்ட் மாதத்தில் ஊதாநிறமாகப் பூக்கும் ஹெதர் புதர்களும், ஓயாத காற்றும்தான் அங்கே நிறைந்திருக்கின்றன. அதன் வடக்கு விளிம்பில், இல்க்லி ஊருக்கு மேலே, 'பசுவும் கன்றும்' என்று ஊரார் அழைக்கும் பாறைகள் நிற்கின்றன. பசு, குன்றோடு சேர்ந்த செங்குத்துப் பாறை. கன்று, அதிலிருந்து விலகிச் சரிவில் தனித்து அமர்ந்திருக்கும் பெரும் பாறாங்கல். ரோம்பால்ட் என்னும் அரக்கன், சினம்கொண்ட மனைவிக்கு அஞ்சி ஓடியபோது மிதித்த மிதியில் கன்று பிளந்து பிரிந்ததாம். துரத்தி வந்தவளின் மடியிலிருந்து சிதறிய கற்கள்தாம் மூரின் மேலே ஒரு பெரிய குவியலாகக் கிடக்கின்றன என்றும் சொல்கிறார்கள். உண்மையில் அது வெண்கலக் காலத்து ஈமக் கற்குவியல்.

ஏறத்தாழ 32 கோடி ஆண்டுகளுக்கு முன் பேராறுகள் தம் கழிமுகங்களில் கொட்டிய மணலும் பரலும் இறுகி உண்டான சொரசொரப்பான மணற்பாறை இது. தொட்டால் படிகப் பரல்கள் விரலில் உறுத்தும். மாவு அரைக்கும் எந்திரக் கற்களுக்கும் கட்டடங்களுக்கும் ஏற்றது என்பதால் இதை வெட்டி எடுத்தார்கள். பசுவும் கன்றும் நிற்கும் இடத்தை ஒட்டியே ஒரு கல்லுடைப்புக் குழி இருக்கிறது. அதன் விளிம்பில், உளிக்குத் தப்பிய பாறைத் துண்டொன்றில் பழங்காலத்தவர் செதுக்கிய குழிகளும் வளையங்களும் இன்றும் தெரிகின்றன. உடைத்துக் கொண்டுபோன கற்களில் எத்தனை செதுக்கல்கள் இருந்திருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

கன்றைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அதன்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இந்த மேட்டுநிலத்தின் உண்மையான செல்வம் புதருக்குள் தாழ்ந்து கிடக்கும் கற்களில்தான் இருக்கிறது என்பேன். இல்க்லி மூரை உள்ளடக்கிய ரோம்பால்ட்ஸ் மூர் முழுவதிலும் இத்தகைய செதுக்கல் பாறைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. புதிய கற்காலத்தின் இறுதியிலும் வெண்கலக் காலத்தின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர்கள், கல்லால் கல்லைக் கொத்தி அவற்றை உண்டாக்கினார்கள். பேட்ஜர் ஸ்டோன் என்னும் ஒரே பாறையில் நூற்றுக்கு நெருக்கமான குழிகள் இருக்கின்றன. வெயில் தாழ்ந்து சாய்வாக விழும் மாலையில், நண்பகலில் கண்ணுக்கே படாத வளையங்கள் நிழல் கட்டி எழுந்து வருவதைப் பார்த்தபோது, நீ பக்கத்தில் இல்லையே என்று ஏங்கினேன். பள்ளத்தாக்கைப் பார்த்த பாறை விளிம்பில் ஸ்வஸ்திகா ஸ்டோன் இருக்கிறது. வளைந்த கைகளும் அவற்றினூடே குழிகளும் கொண்ட அதன் வடிவம், இத்தாலியின் வால் கமோனிகா பாறைகளில் உள்ள ஒரு வடிவத்தை ஒத்திருக்கிறது. முன்னால் தெளிவாகத் தெரிவது பிற்காலத்து நகல். மூலம் அதன் பின்னே மங்கிக் கிடக்கிறது. மூரின் உச்சிக்கு அருகே 'பன்னிரு அப்போஸ்தலர்' என்னும் சிறிய கல்வட்டமும் உண்டு.

என் கவலை இதுதான். ஏணி போன்ற கோடுகள் கொண்ட பனோரமா கற்களை, வீடு கட்டும் பணியிலிருந்து காப்பதற்காக 1892-இல் மூரிலிருந்து பெயர்த்து, ஊருக்குள் ஒரு தேவாலயத்தின் எதிரே கம்பி வேலிக்குள் வைத்தார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான், ஆனால் மர நிழலின் ஈரத்தில் பாசி படர்ந்து, அவற்றின் கோடுகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. அவை எந்தத் திசையை, எந்தப் பள்ளத்தாக்கை நோக்கிக் கிடந்தன என்பதை அங்கே நின்று யாராலும் உணர முடியாது. கல்லை அதன் நிலத்திலேயே விட்டுவைத்து, சேதத்தைத்தான் தடுக்க வேண்டும். உள்ளூர்த் தன்னார்வலர்கள் மழையிலும் குளிரிலும் மூர் முழுதும் நடந்து, ஒவ்வொரு பாறையாகப் படமெடுத்துப் பதிவு செய்திருக்கிறார்கள்; அவர்களிடம் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆயினும் சட்டப் பாதுகாப்பு பெற்ற பாறைகளிலும் இன்னும் சிலர் பெயரைக் கீறுகிறார்கள். வறண்ட நாட்களில் காட்டுத்தீயும் வருகிறது, 2019 ஈஸ்டரின்போது வந்ததைப் போல.

மூலச் செதுக்கல்களை மண்ணால் மூடிப் பாதுகாத்துவிட்டு, மேலே நகலை வைக்கலாமா என்பதைப் பற்றி உன் கருத்து என்ன? எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. விரிவாக எழுது. தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

என்றும் உன்,
பழைய நண்பன்