ஒட்டிய தரவைச் சுத்தம் செய்த பிறகே வரிசைப்படுத்த வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எக்செல் போன்ற விரிதாள் மென்பொருளைக் கற்பிக்கும் வகுப்புகளும் நூல்களும் சூத்திரங்களுக்கும் வரைபடங்களுக்கும் தரும் இடத்தை, வேறோரிடத்திலிருந்து எடுத்து வந்து ஒட்டிய தரவைச் சுத்தம் செய்யும் வேலைக்குத் தருவதில்லை. பட்டியல்களோடு அன்றாடம் மல்லுக்கட்டுபவர்களின் நேரத்தைப் பெரிதும் விழுங்குவது இந்த வேலைதான் என்பதால், சிலவற்றை வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

இணையப் பக்கத்திலிருந்தோ பிடிஎஃப் கோப்பிலிருந்தோ நகலெடுத்து ஒட்டிய அட்டவணை பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். ஆனால் அதில் எண்போலத் தெரிவது பல நேரங்களில் எண்ணாக இல்லாமல் வெறும் உரையாக நிற்கும். அப்படி நிற்பவற்றை எக்செல்லின் ‘சம்’ சூத்திரம் கூட்டலில் சேர்க்காமல் விட்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. வரிசைப்படுத்தினாலோ 2-க்கு முன்னால் 10 வந்து நிற்கும். இதற்குப் பெரும்பாலும் காரணம், இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் ஒரு வெற்றிடம். எழுத்துக்கும் இடைவெளிக்கும் கணினி தரும் குறியீட்டு எண்களில் அதற்குரியது 160. ‘டிரிம்’ (TRIM) சூத்திரம் சாதாரண இடைவெளியான 32-ஐ மட்டுமே நீக்கும். ‘கிளீன்’ (CLEAN) சூத்திரம் அச்சில் தெரியாத, 0 முதல் 31 வரையிலான குறியீடுகளை மட்டுமே நீக்கும். இரண்டுக்கும் அகப்படாத 160-ஐ ‘சப்ஸ்டிடியூட்’ (SUBSTITUTE) சூத்திரத்தில் ‘கேர்(160)’ (CHAR(160)) என்று குறிப்பிட்டுத்தான் அகற்ற வேண்டும்.

இதற்கு நேர்மாறான தொல்லை, மென்பொருள் தானாகவே ஊகித்து மாற்றிவிடுவது. எண்களின் முன்னாலுள்ள பூஜ்யங்கள் மறைந்துவிடும். எக்செல் 15 இலக்கங்கள் வரை மட்டுமே துல்லியமாக வைத்துக்கொள்ளும் என்பதால், 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். அதைப் பிறகு எந்தச் சூத்திரத்தாலும் மீட்க முடியாது. நாள் முதலில் வரும்படி எழுதிய தேதிகளை, மாதம் முதலில் வரும் அமைப்புடைய கணினியில் ஒட்டினால், 12-க்கு மேற்பட்ட நாள் கொண்டவை உரையாகவே தங்கிவிட, மற்றவை நாளும் மாதமும் இடம் மாறிய தேதிகளாகிவிடும். மார்ச்1, செப்ட்1 போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. ஒட்டுவதற்கு முன்பே நெடுவரிசையை ‘உரை’ வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு, மூலத்தின் வடிவமைப்பை விட்டுவிட்டு உரையை மட்டும் ஒட்டினால் இவற்றில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

எனக்குப் பெரும் கவலை தருவது வரிசைப்படுத்தும் கட்டம். ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தும்போது, அருகிலுள்ள தரவையும் சேர்த்துக்கொள்ளவா என்று எக்செல் கேட்கிறது. அவசரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், பெயர்கள் மட்டும் இடம் மாறி, ஒருவருடைய மதிப்பெண்ணோ தொலைபேசி எண்ணோ இன்னொருவர் பெயருக்கு நேராகப் போய்விடும். அட்டவணையின் நடுவில் வெற்று நெடுவரிசை ஒன்று இருந்தால் அந்தக் கேள்விகூட வராமல் போகலாம். ஏனெனில் மென்பொருள் அட்டவணை அங்கேயே முடிந்துவிட்டதாகக் கொள்கிறது. கோப்பைச் சேமித்து மூடிய பின் பழைய வரிசைக்குத் திரும்ப வழியில்லை. ஆகவே ஒட்டிய மூலத்தைத் தனித் தாளில் தொடாமல் வைத்திருப்பதும், வரிசைப்படுத்தும் முன் வரிசை எண்களுக்கென ஒரு நெடுவரிசை சேர்ப்பதும், வெற்று வரிசைகளையும் இணைக்கப்பட்ட கட்டங்களையும் நீக்குவதும் கட்டாயப் பழக்கமாக வேண்டும். மூலத்திலும் தாளிலும் வரிசைகளின் எண்ணிக்கை ஒன்றுதானா என்றும் பார்க்க வேண்டும். 2020-இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டதற்கு, 65,536 வரிசைகளுக்கு மேல் கொள்ளாத பழைய எக்செல் கோப்பு வடிவமே காரணம் என்று செய்திகள் வெளியாயின.

தமிழ்த் தரவுக்குக் கூடுதல் கவனம் தேவை. ‘கொ’ என்பதை ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக இட்டும் எழுதலாம். இரண்டும் சேர்ந்த ஒரே குறியீட்டாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறியீட்டை அப்படியே ஒப்பிடும் மென்பொருளுக்கு அவை வெவ்வேறு என்பதால், ஒரே பெயர் இருமுறை இருந்தும் இரட்டிப்பாகக் கண்டறியப்படாது. கணினியில் எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் பொதுத் தரமான யூனிகோடின் அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்தும் றகரம் ரகரத்துக்கு அடுத்தும் இருப்பதால், குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் அகராதி வரிசையும் கிடைக்காது.

இத்தனை உழைப்பையும் பெறுபவரின் தலையில் சுமத்துவது நியாயமன்று. பொதுமக்களுக்கான பட்டியல்களைப் படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ மட்டும் வெளியிடும் அமைப்புகள், அதே பட்டியலை யூனிகோட் குறியீட்டில், கட்டத்துக்கு ஒரு மதிப்பாக, ஆண்டு-மாதம்-நாள் என்ற முறையில் எழுதிய தேதிகளோடு, மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பான சிஎஸ்வி கோப்பாகவும் சேர்த்து வெளியிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்