கண்ணெதிரே இருந்தும் கிடைக்காத ‘தொகை’

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறோம், மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விடுவதிலேயே பொழுது போய்விடுகிறது. நேற்றுக் காலையில் காலண்டர் தேதியைக் கண்ணாடி இல்லாமல் தானாகவே படித்தார், அந்த முகத்தைப் பார்க்க நீயும் இருந்திருக்கலாம்.

சரி, உன் விஷயம். இத்தனை வருஷம் கழித்து நீ மறுபடியும் புள்ளியியல் பக்கம் வந்ததில், அதுவும் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் சேமிப்புக் கணக்கை எடுத்துக்கொண்டு வந்ததில், எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அதனால்தான் “எனக்கு இனிமே இதெல்லாம் வராது போல” என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரியை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீ மாட்டிக்கொண்ட இடம், ஆர் (R) என்ற புள்ளியியல் கணினி மொழியில் எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம்.

உன் திரையில் வந்த பிழைச்செய்தி ‘அன்டிஃபைன்ட் காலம்ஸ் செலக்டெட்’. நீ கேட்ட நிரல், அதாவது மேலிருந்து கீழாக வரும் வரிசை, இந்த அட்டவணையில் இல்லை என்கிறது, அவ்வளவுதான். ஆனால் உன் முதல் ஸ்கிரிப்டில், அதாவது கட்டளைக் கோப்பில், நீ நிரலைக் கேட்கவே இல்லை, ஐந்நூறு ரூபாய்க்கு மேல் சேமித்தவர்களின் நிரைகளை, குறுக்கு வரிசைகளைத்தான் கேட்டாய். அங்கே விட்டுப்போனது ஒரு கமா. அணிகள் பாடத்தில் படித்த அதே நிரை, நிரல்தான்: சதுர அடைப்புக்குள் கமாவுக்கு முன்னால் வருவது நிரை, பின்னால் வருவது நிரல். கமாவே இல்லாவிட்டால் ஆர் உள்ளே இருப்பதை நிரலுக்கான தேர்வு என்று எடுத்துக்கொள்கிறது. உன்னிடம் இருப்பதோ ஏழெட்டு நிரல்கள், நிபந்தனையோ நிரைக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கான ஆம், இல்லை. நாற்பதாவது இடத்தில் ஓர் ‘ஆம்’ வந்தால் நாற்பதாவது நிரலைத் தேடிப் போகும், கிடைக்காது, கத்தும். நிபந்தனைக்குப் பின்னால் ஒரு கமா போட்டு அடைப்பை மூடு, முடிந்தது.

அது கத்தாமல் போகிற நாளும் உண்டு, அதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஆரோடு கூடவே வரும் ‘எம்டிகார்ஸ்’ அட்டவணை ஞாபகம் இருக்கிறதா, 1974ஆம் வருஷத்து அமெரிக்கக் கார்ப் பத்திரிகை ஒன்றிலிருந்து எடுத்தது, 32 கார்கள், 11 நிரல்கள்? அதில் குதிரைத்திறன் சரியாக 95 உள்ள கார் ஒன்றே ஒன்று, ஒன்பதாவது நிரையில். அதைக் கமா இல்லாமல் கேட்டுப் பார். பிழைச்செய்தியே வராது. அந்தக் காருக்குப் பதிலாக ஒன்பதாவது நிரலை, அதாவது கியர் தானியங்கியா கையால் போடுவதா என்கிற நிரலை, 32 கார்களுக்கும் சேர்த்து எடுத்துக் கொடுத்துவிடும். நீ கேட்டது என்ன, வந்தது என்ன! அதனால் பிழைச்செய்தி வந்தால் பயப்படாதே, அது வராத இடத்தில்தான் நான் நின்று நிதானமாகப் பார்ப்பேன்.

டாலர் குறியும் இப்படித்தான். அட்டவணையின் பெயருக்குப் பின்னால் டாலர் போட்டு நிரலின் பெயரைக் கேட்போம் இல்லையா, இல்லாத நிரலை அப்படிக் கேட்டால் ஆர் பிழை சொல்லாது, ‘நல்’ என்று வெறுமையைக் கையில் கொடுக்கும். அந்த வெறுமையை ஐந்நூறோடு ஒப்பிட்டு நிரைகளை வடிகட்டினால் பூஜ்யம் நிரைகள் வரும், நீயும் ‘ஓஹோ, யாருமே ஐந்நூறுக்கு மேல் சேமிக்கவில்லை போல’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவாய். ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலே இதுதான் கதி.

எனக்கே நடந்தது ஒன்று உண்டு, உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் குழந்தைகளின் எடைக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். ‘வெயிட்’ என்று ஒரு நிரல், ‘வெயிட்_பர்த்’ என்று பிறப்பு எடைக்கு ஒரு நிரல். அடுத்த மாதம் வந்த கோப்பில் யாரோ முதல் நிரலின் பெயரை ‘கரன்ட்_வெயிட்’ என்று மாற்றியிருந்தார்கள், என்னிடம் சொல்லவில்லை. என் பழைய ஸ்கிரிப்ட் டாலர் போட்டு ‘வெயிட்’ கேட்டது. ஆரின் சாதாரண அட்டவணையான டேட்டா ஃபிரேமில் முழுப்பெயர் கிடைக்காவிட்டால், கேட்ட எழுத்துகளில் தொடங்குகிற பெயர் ஒன்றே ஒன்று இருந்தால், டாலர் குறி அதை எடுத்துக் கொடுத்துவிடும். எனக்குப் பிறப்பு எடை வந்தது. மூன்று வயதுக் குழந்தைகளின் சராசரி எடை மூன்று கிலோவுக்கும் கீழே என்று அட்டவணையில் நின்றது, அந்த எண்ணைப் பார்த்துத்தான் விழித்துக்கொண்டேன். எண் கொஞ்சம் நம்புகிற மாதிரி இருந்திருந்தால் அப்படியே அறிக்கைக்குள் போயிருக்கும், அதற்குப் பின்னால் இருப்பவை நிஜமான குழந்தைகள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அதிலிருந்து இரட்டைச் சதுர அடைப்பில்தான் பெயரைக் கேட்கிறேன், அது பாதிப் பெயருக்கு இணங்காது. ‘டிபில்’ வகை அட்டவணையும் இணங்காது, இல்லாத நிரலைக் கேட்டால் எச்சரிக்கையும் கொடுக்கும்.

இப்போது உன் இரண்டாவது சிக்கல், நீ இரண்டு நாள் அழுததாக எழுதியது. ‘தொகை’ என்ற நிரல் கண்ணெதிரே தலைப்பில் நிற்கிறது, நீ அடித்துக் கேட்டால் இல்லை என்கிறது. ஆனால் தலைப்பிலிருந்து காப்பி செய்து ஒட்டினால் வேலை செய்கிறது என்று ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய் பார், அதுதான் எனக்கு வழி காட்டியது. நீ அனுப்பிய கோப்பைத் திறந்து அந்தத் தலைப்பில் எத்தனை குறிகள் என்று ‘என்கேர்’ செயல்பாட்டைக் கொடுத்து எண்ணிப் பார்த்தேன். ஐந்து என்றது. நானே விசைப்பலகையில் தொகை என்று அடித்து எண்ணினேன், நான்கு! கணினியில் ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடில் ‘தொ’வை இரண்டு விதமாக எழுத முடியும். தகரத்தோடு ஒகரக் குறி ஒன்றையே சேர்க்கலாம், அதன் எண் 3018. இல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம், அவை 3014, 3006. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆருக்கோ அவை வேறு வேறு சொற்கள். உன் ஒருங்கிணைப்பாளர்களில் ஒருவர் பழைய எழுத்துருவில் இருந்த கோப்பை மாற்றி அனுப்பியிருப்பார் என்று நினைக்கிறேன். கோப்புகளை ‘பைண்ட் ரோஸ்’ போட்டு ஒட்டினால் தொகை என்று இரண்டு நிரல்கள் வந்து ஆளுக்குப் பாதி காலியாக நிற்கிறது என்றாயே, அதற்கும் காரணம் இதுவேதான்.

ஆரோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிற ‘ஸ்ட்ரிங்ஐ’ தொகுப்பை நிறுவிக்கொள். அதில் ‘எஸ்டிஆர்ஐ டிரான்ஸ் என்எஃப்சி’ என்று ஒரு செயல்பாடு இருக்கிறது, தனித்தனியாக நிற்கும் குறிகளைச் சேர்த்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். எல்லாக் கோப்பின் தலைப்புகளுக்கும் வாசித்த கையோடு அதைப் போடு, கூடவே ‘டிரிம்டபிள்யூஎஸ்’ போட்டு முன்பின் இடைவெளிகளையும் வெட்டிவிடு. தலைப்போடு நிறுத்திவிடாதே, ஊர்ப் பெயர் நிரலுக்கும் இதைச் செய்தே ஆக வேண்டும். பொள்ளாச்சி, கோவை இரண்டிலும் இதுபோலக் கொம்பும் காலும் இருக்கின்றன. செய்யாமல் விட்டால் ஒரே ஊர் இரண்டு ஊராகப் பிரிந்து எண்ணிக்கையே தப்பாகிவிடும், அந்தக் குழுக்களின் பெண்கள் பாதிப் பேர் கணக்கில் வேறெங்கோ நிற்பார்கள்.

எக்செல்லில் தமிழ் உடையாமல் இருக்க ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று சேமிக்கிறாய் இல்லையா, அது சரியான வழிதான். ஆனால் அது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் வைக்கும், அது முதல் நிரலின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரக்கூடும். ‘குழு எண்’ மட்டும் கிடைக்காமல் மற்றதெல்லாம் கிடைத்தால் அதைத்தான் சந்தேகப்படு. ‘ரீட் சிஎஸ்வி’யில் ஃபைல் என்கோடிங் என்ற இடத்தில் ‘யூடிஎஃப்-8-பிஓஎம்’ என்று கொடுத்துவிடு. ‘செக் நேம்ஸ்’ என்பதையும் ‘ஃபால்ஸ்’ ஆக்கு, இல்லாவிட்டால் பெயரில் உள்ள இடைவெளியெல்லாம் புள்ளியாகிவிடும், ‘குழு எண்’ணை நீ இடைவெளியோடு தேடிக்கொண்டே இருப்பாய். உன் மடிக்கணினியில் ஆர் 4.2க்குப் பழையது இருந்தால் முதலில் புதுசாகப் போட்டுக்கொள். 2022இல் வந்த அந்தப் பதிப்பில்தான் விண்டோஸில் யூடிஎஃப்-8 இயல்பாக வேலை செய்யத் தொடங்கியது, அதற்கு முன்னால் தமிழோடு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அப்புறம், ‘செலக்ட்’ போட்டால் ‘அன்யூஸ்ட் ஆர்க்யுமென்ட்’ என்று வருவது வேறு கதை, அதில் நிரல் பெயர்மேல் குற்றமே இல்லை. ‘செலக்ட்’ இருக்கிற ‘டிப்ளையர்’ தொகுப்புக்குப் பிறகு ‘மாஸ்’ தொகுப்பை ஏற்றியிருக்கிறாய், அதிலும் ‘செலக்ட்’ என்று ஒன்று இருக்கிறது, கடைசியாக வந்தது முந்தையதை மறைத்துவிடும். செலக்டுக்கு முன்னால் டிப்ளையர் பெயரையும் இரட்டை முக்காற்புள்ளியையும் போட்டு எழுது, போதும்.

தலைப்புகளைச் சரி செய்த கோப்பை இதோடு அனுப்பியிருக்கிறேன். மூலக் கோப்பைத் தொடவில்லை, நீயும் தொடாதே, எல்லா மாற்றமும் ஸ்கிரிப்டிலேயே இருக்கட்டும். மீதிக் கோப்புகளின் தலைப்புகளை ‘டிபுட்’ போட்டு அப்படியே அனுப்பு, மேற்கோள் குறிக்குள் வரும், கடைசியில் ஒளிந்திருக்கும் இடைவெளிகூடத் தெரியும். ராத்திரி ஒன்பதரைக்கு அம்மாவுக்குக் கடைசிச் சொட்டு விட்டுவிட்டு உட்கார்ந்து பார்க்கிறேன்.

அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், விடுதியிலிருந்து நீ வந்தால் செய்து தருவாரே அந்தப் பருப்புருண்டைக் குழம்பு, அதை இன்னும் மறக்கவில்லை. லீவு கிடைத்ததும் வா.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி