ஸ்டூல் ஜோக் பத்தி ஆசிரியருக்கு ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்போட கடைசிப் பக்கத்துல வந்த கேள்வி பதில் பத்திதான் எழுதறேன். ஒரு வாசகர் கேட்டிருந்தாரு, குள்ளமா இருக்கறவங்க கல்யாணம் பண்ணிக்கிட்டா 'அதெல்லாம்' எப்படி, குழந்தை பொறக்குமா, பொறந்தா அதுவும் அப்படியே தான் இருக்குமான்னு. அதுக்கு உங்க ஆளு எழுதின பதில் ஒன்றரை வரி. ஒரு ஸ்டூல் இருந்தா எல்லாம் நடக்கும், மிச்சத்த ஆண்டவன் பாத்துக்குவான். பக்கத்துல ஒரு கார்ட்டூன் வேற, ஸ்டூல் மேல ஏறி எக்கி நிக்கற மாதிரி.

திங்கக்கிழமை காலைல நான் ஆபீஸ் போனப்ப அந்த பக்கத்த யாரோ நாலா மடிச்சு என் கீபோர்டு மேல வச்சிட்டு போயிருந்தாங்க. யாருன்னு நான் கேக்கல, கேட்டா "சும்மா ஜாலிக்கு"ன்னு சொல்லுவாங்க, அப்புறம் நான் தான் ஜோக் புரியாதவ ஆயிடுவேன். ஆனா ஒண்ணு, என் டேபிளுக்கு அடியில நெஜமாவே ஒரு ஸ்டூல் இருக்கு. அது ஏறி நிக்கறதுக்கு இல்ல, கால் வைக்கறதுக்கு. சாதாரண சேர்ல உக்காந்தா என் கால் தரைக்கு எட்டாது, நாள் முழுக்க தொங்கிட்டே இருந்தா சாயங்காலம் ரெண்டு காலும் மரத்துப் போய் முதுகு விட்டுப் போகும். ஏழு வருஷமா அந்த ஸ்டூல் அங்க தான் கிடக்கு. அத பத்தி ஒருத்தர் கூட ஒரு கேள்வி கேட்டதில்ல. என் பெட்ரூம் பத்தி கேக்கறதுக்கு மட்டும் ஆளுக்கு பஞ்சமே இல்ல.

எனக்கு இருக்கறது அகாண்ட்ரோபிளேசியா. உயரம் குறைவா இருக்கறதுக்கு 400க்கும் மேல மருத்துவக் காரணம் இருக்கு, அதுல அதிகமா வர்றது இது தான். எலும்பு வளர்றதுக்கு பிரேக் மாதிரி வேலை செய்யற ஒரு மரபணு இருக்கு, எஃப்.ஜி.எஃப்.ஆர்.3ன்னு பேரு, அதுல ஒரே ஒரு எழுத்து மாறிப் போச்சுன்னா பிரேக்ல வச்ச கால எடுக்காம வண்டி ஓட்டற கத தான், எலும்பு மெதுவா தான் வளரும், கையும் காலும் குட்டையா நின்னுடும். 1994ல இத கண்டுபிடிச்சாங்க. அறிவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கணக்கு எழுதறது தான் என் வேலை, நான் போட்ட கணக்குல இதுவரைக்கும் ஆடிட்டர் ஒரு தப்பு கண்டுபிடிச்சதில்ல, இருந்தாலும் புதுசா வர்ற ஆளுங்க என்கிட்ட ஏதாவது சொல்லணும்னா கொஞ்சம் சத்தமா, ஒவ்வொரு வார்த்தையா, எல்கேஜி பிள்ளைக்கு சொல்ற மாதிரி தான் சொல்லுவாங்க.

சரி, உங்க வாசகர் கேட்டதுக்கு வர்றேன். அந்த கேள்விய ரெண்டா பிரிக்கணும் சார். குழந்தை பத்தி கேட்டது கேள்வி. 'அதெல்லாம் எப்படி'ன்னு கேட்டது கேள்வியே இல்ல, எட்டிப் பாக்கறது. ரெண்டாவதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல, வேற எந்த தம்பதிகிட்டயும் கேக்காதத எங்ககிட்ட கேக்க எந்த உரிமையும் இல்ல. முதல் கேள்விக்கு பதில் இருக்கு, அத உங்க ஆளு ஒரு டாக்டருக்கு போன் போட்டு கேட்டிருக்கலாம்.

அப்பா அம்மால ஒருத்தருக்கு அகாண்ட்ரோபிளேசியா, இன்னொருத்தர் சராசரி உயரம்னா குழந்தைக்கு வர்றதுக்கு பாதிக்கு பாதி வாய்ப்பு. எங்க வீட்டு நிலவரம் அது தான், என் வீட்டுக்காரர் சராசரி உயரம். ரெண்டு பேருக்குமே இருந்தா 4ல 1 பங்கு சராசரி உயரத்துல பொறக்கும், 4ல 2 பங்கு அவங்கள மாதிரியே பொறக்கும், மிச்சம் இருக்கற அந்த 1 பங்கு இருக்கே, அது ரெண்டு பக்கத்துல இருந்தும் மாறுன மரபணு வந்து சேந்த குழந்தை. அது பெரும்பாலும் பொழைக்காது. நெஞ்சுக்கூடு அவ்ளோ சின்னதா இருக்கும், மூச்சு விட இடம் பத்தாது. எனக்கு தெரிஞ்ச ஒரு ஜோடி அந்த 4ல 1 பங்க கையில வாங்கியிருக்காங்க. ஒன்றரை நாள் இருந்துச்சு. அவங்க வீட்டுக்கும் உங்க பேப்பர் தான் வருது. ஞாயித்துக்கிழமை கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சாங்களான்னு கேக்க எனக்கு தைரியம் வரல.

இன்னொரு விஷயமும் அதே மூச்சுல சொல்லிடறேன். அகாண்ட்ரோபிளேசியாவோட பொறக்கற 10 பேர்ல 8 பேருக்கு அப்பா அம்மா ரெண்டு பேருமே சராசரி உயரம் தான். எங்க அப்பாவும் அம்மாவும் அப்படித்தான். பரம்பரைல யாருக்கும் இல்லாம புதுசா வர்ற மாற்றம் அது, அப்படி வர்றது அப்பாவோட விந்தணுல இருந்து வருது, அப்பாவோட வயசு கூடக் கூட வாய்ப்பும் கூடும். இது யாரோட தப்பும் இல்ல, செல்லு நகல் எடுக்கறப்ப வர்ற எழுத்துப் பிழை. ஆனா எங்க அம்மாகிட்ட தான் எல்லாரும் கேட்டாங்க. வயித்துல இருக்கறப்ப என்ன பண்ண, என்னத்த பாத்த, என்ன மாத்திரை சாப்ட்ட, என்ன பாவம் பண்ணன்னு. எங்க அப்பாகிட்ட ஒருத்தர் கூட ஒரு வார்த்தை கேட்டதில்ல. இத எனக்கு ஒரு டாக்டர் விளக்கினப்ப எனக்கு முப்பது வயசு, உடனே அம்மாகிட்ட போய் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் எதுவும் பேசல. அப்புறம் "இத அன்னைக்கே யாராவது சொல்லியிருக்கலாம்ல"ன்னு மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க.

சின்னப் பசங்க கேட்டா எனக்கு கோவமே வராது, இத முக்கியமா எழுதணும்னு நெனச்சேன். "ஆன்ட்டி, நீங்க பெரியவங்களா சின்னவங்களா?" "பெரியவ தான். என் எலும்பு மெதுவா வளந்துச்சு, அதான்." "வலிக்குமா?" "சில நாள் முதுகு வலிக்கும்." "ஓ." முடிஞ்சது, விளையாட ஓடிருவான். அவனுக்கு வேண்டியது பதில், பதில் கெடச்சிடுச்சு. நடுவுல அவங்க அம்மா ஓடி வந்து "ஸ்ஸ், அப்டில்லாம் பாக்கக் கூடாது"ன்னு கைய புடிச்சு இழுத்துட்டு போறப்ப தான் அந்தப் புள்ள முகத்துல முதல் தடவையா ஒரு பயம் வருது. பயப்பட வேண்டிய பொருள் நான்னு அப்ப தான் அவன் கத்துக்கறான்.

பெரியவங்க அப்படி இல்ல. பதில் சொன்னாலும் போக மாட்டாங்க. ஒரு தடவ டாக்டர பாக்க காத்திருந்தப்ப பக்கத்து சேர்ல ஒரு அக்கா, பேர் என்னன்னு கூட கேக்கல, எடுத்த எடுப்புலயே "உனக்கு மாசாமாசம் ஒழுங்கா வருதாம்மா?"ன்னாங்க. அப்புறம் அந்தப் பக்கம் போன் பேசிட்டு நின்ன என் வீட்டுக்காரர ஒரு தடவ ஏற இறங்க பாத்துட்டு, குரல தாழ்த்தி, "அவரு நல்லாத்தானே இருக்காரு, எப்படி ஒத்துக்கிட்டாரு, எல்லாம் சரியா நடக்குதா?"ன்னு. நான் "எங்களுக்கு நடக்குதுக்கா, உங்களுக்கு எப்படி?"ன்னு கேட்டேன். சுருக்குன்னு முகம் மாறிடுச்சு, "என்னம்மா இது, வயசுக்கு மரியாதை இல்லாம"ன்னு எந்திரிச்சு வேற சேருக்கு போயிட்டாங்க. ஒரே கேள்வி சார், வார்த்தை கூட கிட்டத்தட்ட அதே தான். அவங்க கேட்டா அக்கறை, நான் திருப்பிக் கேட்டா மரியாதைக் கொறச்சல்.

டாக்டருங்க மட்டும் என்ன. அதே ஆஸ்பத்திரி, அதே நாள். நான் போனது கால் மரத்துப் போகுதுன்னு. பத்து நிமிஷம் நடந்தா இடுப்புக்கு கீழ உணர்ச்சி கொறஞ்சிடும், குனிஞ்சோ குத்த வச்சோ கொஞ்ச நேரம் உக்காந்தா தான் திரும்ப வரும். டாக்டர் என்ன பாத்ததும் "ஒரு நிமிஷம்"னு சொல்லிட்டு வெளிய போய் ஆறு ஸ்டூடன்ட்ஸ கூட்டிட்டு வந்தாரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. "கைய விரிம்மா." விரிச்சேன். எங்களுக்கு நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கும், விரிச்சா சூலாயுதம் மாதிரி தெரியும், புத்தகத்துலயே அதுக்கு அப்படித்தான் பேரு. ஆறு பேரும் குனிஞ்சு பாத்தாங்க. அப்புறம் எந்திரிச்சு நட, திரும்பு, முதுக காட்டுன்னு. கடைசில எல்லாரும் போனதுக்கப்புறம் ஒரு வலி மாத்திரை எழுதிக் குடுத்தாரு. எந்த கால் மரத்துப் போகுதுன்னு அந்த அறைல யாருமே கேக்கல. ஆறு மாசம் கழிச்சு வேற இடத்துல ஸ்கேன் எடுத்தா, முதுகுத்தண்டு குழாய் குறுகி நரம்ப அழுத்திட்டு இருக்கு. அகாண்ட்ரோபிளேசியா இருக்கறவங்களுக்கு வயசாக ஆக இது வர்றது சகஜமாம். என் கைய புத்தகத்துல படிச்ச அந்த டாக்டர் அடுத்த பக்கத்தையும் திருப்பியிருந்தா என் ஆறு மாசம் மிஞ்சியிருக்கும்.

இந்த முதுகோட தான் ஒரு கல்யாண வீட்டுல, முன்ன பின்ன தெரியாத ஒரு ஆளு, பின்னாடி இருந்து அக்குள்ல கை குடுத்து என்ன தூக்கிட்டாரு. போட்டோவுக்காம். சுத்தி எல்லாரும் சிரிச்சாங்க. நான் இறக்கி விடுங்கன்னு கத்தினதும் வீடியோல பதிவாயிருக்கு, அது எத்தன குரூப்ல சுத்துச்சோ. பிரான்ஸ்ல ஒரு காலத்துல இதையே விளையாட்டா வச்சிருந்தாங்க, உயரம் குறைஞ்ச ஒருத்தர தூக்கி மெத்தை மேல எறியறது, யாரு தூரமா எறியறாங்கன்னு போட்டி. ஒரு மேயர் தடை பண்ணாரு, கேஸ் மேல போய் 1995ல உச்ச நிர்வாக நீதிமன்றம் மனுஷனோட கண்ணியத்துக்கு எதிரானதுன்னு தடைய உறுதி பண்ணிடுச்சு. இதுல வேடிக்கை என்னன்னா தடைய எதிர்த்து கேஸ் போட்டவங்கள்ல எறியப்பட்ட மனுஷரும் ஒருத்தர். மானுவேல் வாக்கென்ஹைம். இது என் பொழப்பு, இதையும் புடுங்கிட்டா எனக்கு வேற யாரு வேலை குடுப்பான்னு ஐநா மனித உரிமைக் குழு வரைக்கும் போனாரு, 2002ல அங்கயும் தோத்துட்டாரு. தீர்ப்பு சரின்னு தான் நான் நெனைக்கறேன். ஆனா அவரு கேட்டதுக்கு பதில் யாரும் சொல்லல. அதனால தான் சினிமால அடி வாங்கற, தூக்கி எறியப்படற வேஷத்துல வர்ற எங்க ஆளுங்கள நான் ஒரு வார்த்தை கூட குறை சொல்ல மாட்டேன். வேற வேஷம் குடுக்காதவங்கள கேளுங்க.

அட்வைஸ் பண்றவங்க தனி. ஊசி போட்டா வளருமாமேன்னு. ஹார்மோன் கம்மியா சுரக்கறதால உயரம் நின்னவங்களுக்கு சின்ன வயசுல அந்த ஊசி உதவும், எங்களுக்கு பிரச்சனை ஹார்மோன் இல்ல. எங்களுக்குன்னு ஒரு மருந்து 2021ல வந்துச்சு, அதுவும் எலும்பு வளர்ற வயசுல இருக்கற குழந்தைங்களுக்கு, தினமும் ஊசி. காலு நீட்டற ஆபரேஷன்? எலும்ப வெட்டி, வெளிய கம்பி மாட்டி, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் மாதிரி மாசக்கணக்கா இழுக்கணும். பண்ணிக்கிட்டவங்க இருக்காங்க, அது அவங்க முடிவு. பஸ்ல பக்கத்துல நிக்கறவரு எடுக்கற முடிவு இல்ல.

பழமொழிய பத்தியும் ஒரு வார்த்தை. "கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே"ன்னு என்கிட்டயே சிரிச்சுக்கிட்டு சொல்றவங்க இருக்காங்க, சொல்லிட்டு "உன்ன சொல்லல"ன்னு வேற. அப்புறம் யாரை? எதுகை நல்லா வந்துச்சுங்கறதுக்காக ஒரு கூட்டத்தையே திருடனுக்கு கீழ எறக்கியிருக்கோம். தமிழுக்கு இலக்கணம் எழுதினவர்னு கும்பிடற அகத்தியருக்கு குறுமுனின்னு பேரு, அது மட்டும் பக்தியாம். "மூர்த்தி சிறிசு கீர்த்தி பெரிசு"ம் வேண்டாம், தயவு செஞ்சு. மாசக் கணக்க முடிச்சுக் குடுத்தா "நல்லா முடிச்சிருக்கீங்க"ன்னு சொல்லுங்க, போதும்.

உங்ககிட்ட நான் கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை, அதே கடைசிப் பக்கத்துல, அதே கட்டத்துல, அந்த வாசகருக்கு ஒழுங்கான பதில் போடுங்க. மேல எழுதியிருக்கற பாதிக்கு பாதி, 4ல 1 எல்லாத்தையும் ஒரு மரபணு டாக்டர்கிட்ட காட்டி சரி பாத்துட்டே போடுங்க. சிசேரியன் பத்தியும் அவரையே கேளுங்க, எங்களுக்கு இடுப்பெலும்பு குறுகலா இருக்கறதால பிரசவம் அப்படித்தான் பண்ணுவாங்க, மயக்க மருந்து குடுக்கறவருக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும், படிக்கற யாருக்காவது உதவும். எட்டாம் பக்கத்துல பொடி எழுத்துல 'வருந்துகிறோம்'னு போடறதா இருந்தா வேண்டாம். அந்த கார்ட்டூன் போட்டவரு மேல எனக்கு கோவம் இல்ல, ஆனா ஸ்டூல் தப்பா வரைஞ்சிருக்காரு, அவ்ளோ உயரமான மூணு கால் ஸ்டூல்ல என்னால ஏறவே முடியாது, கவுந்துரும்.

இந்த கடிதத்த போட்டா என் பேர் போட வேண்டாம், 'ஒரு வாசகி'ன்னு போதும். உயரமும் போட வேண்டாம். ரெண்டு வருஷம் முன்னாடி எங்க ஆபீஸ்ல எனக்கு ஒரு விருது குடுத்தப்ப ஒரு பத்திரிகைல சின்னதா செய்தி வந்துச்சு, அதுல என் உயரம் முதல் வரில இருந்துச்சு, பேரு நாலாவது வரில. விருது எதுக்குன்னு கடைசி வரைக்கும் போடல.

இப்படிக்கு,
ஒரு வாசகி