சுத்தியலைப் பிடுங்காதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

சுங்கை சிப்புட் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

தாத்தா வீடு மறுபடி நிமிர்ந்து நிற்கிறது. போன வாரம் அடித்த பேய் மழையில் கூடத்தில் ஒரு சொட்டுகூட விழவில்லை. அடுக்களையில் மட்டும் மூன்று சொட்டு. அந்த மூன்று சொட்டுக்கும் நான்தான் பொறுப்பு, அதைப் பிறகு சொல்கிறேன்.

வாரத்தில் ஐந்து நாள் ஈப்போவில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவன் நான். ஆணி அடித்தால் கட்டைவிரலில் அடிப்பவன். பதினான்கு மாதச் சனி, ஞாயிறுகளில் இந்தப் பலகை வீட்டை நானே சரிசெய்தேன் என்று சொன்னால் ஈப்போவில் நம்புகிறார்கள். உங்களிடம் அந்தப் பேச்சு எடுபடாது. பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் நீங்கள். அதனால்தான் இந்த மடல்.

வீட்டின் கதை ஊரில் பெரியவர்களுக்குத் தெரியும், இளசுகளுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாத்தா இங்கே மலேசியாவில் ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் தண்டல், பாட்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டுக்காரர். ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, லயம் என்கிற தோட்டத்து வரிசைக் குடியிருப்பை விட்டு வெளியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பட்டணத்து ஓரத்தில் கொஞ்சம் நிலம் வாங்கி 1964இல் இந்த வீட்டைப் போட்டார். அந்த வருடத்தைக் கூடத்து உத்தரத்தில் உளியால் செதுக்கி வைத்திருக்கிறார். பாட்டி போன பிறகு ஒன்பது வருடம் பூட்டிக் கிடந்தது. கறையானும் மழையும்தான் குடியிருந்தன.

முதலில் வீட்டு வேலை எடுத்துச் செய்யும் ஒரு குத்தகைக்காரரிடம் கொடுத்தேன். ஆறாயிரம் வெள்ளி, அதாவது ரிங்கிட், முன்பணம் வாங்கினார், பாதிக் கூரைத் தகரத்தைப் பிரித்துப் போட்டார், அப்புறம் கைப்பேசியை அணைத்துவிட்டார். அவர் பெயர் இங்கே வேண்டாம். 'அவராலதானே நீயே வேலை கத்துக்கிட்ட, அவருக்கும் நன்றி சொல்லு' என்று சிலர் சொல்கிறார்கள். அந்த அளவுக்குப் பெருந்தன்மை எனக்கு இன்னும் வரவில்லை.

முதல் நன்றி தச்சர் மாமாவுக்கு. திறந்த கூரையோடு திகைத்து நின்றபோது அவரிடம்தான் ஓடினேன். நாள் கூலி எவ்வளவானாலும் தருகிறேன் என்றேன். "என் முட்டி போயாச்சுப்பா. நீ செய், நான் உட்கார்ந்து பார்க்கிறேன்" என்றார். சொன்னபடியே செய்தார். முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கையில் பால் சேர்க்காத காப்பி ஓ. நான் பலகையைக் கோணலாக அறுப்பதை முழுக்கப் பார்த்துவிட்டு, "சரி, இன்னொரு பலகை எடு" என்பார். அவ்வளவுதான். ஒரு நாளும் என் கையிலிருந்து ரம்பத்தை வாங்கியதில்லை. அப்போது எனக்குக் கோபம்கூட வந்தது. அறுத்துக் காட்டினால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். இன்று அந்தக் கூடத்துச் சுவரில் எந்தப் பலகை எந்த வாரம் போட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கோணல் குறைந்துகொண்டே போவது கைக்குத் தெரிகிறது.

தூண்களைச் சோதிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். பழைய ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார். முனை நுழையாவிட்டால் மரம் உயிரோடு இருக்கிறது, வெண்ணெயில் போவது மாதிரி போனால் முடிந்தது. "தூண் எல்லாம் செங்கால்டா" என்றார். நான் அதைச் செங்கல் என்று கேட்டு, பலகை வீட்டில் செங்கல் எங்கே என்று தேடினேன். மலாய்க்காரர்கள் செங்கால் என்று சொல்லும் அந்த மரத்தின் வைரம் கறையானுக்கு லேசில் மசியாது. நல்ல துண்டைத் தூக்கினால் கை இறங்கும், அவ்வளவு கனம். சுவர்ப் பலகை மெரந்தி. அது லேசான மரம், அதைத்தான் கறையான் ருசி பார்த்திருந்தது.

பன்னிரண்டு தூண்களில் பதினொன்று செங்கால். மேற்கு மூலைத் தூண் மட்டும் ஏதோ மட்டமான மரம். தாத்தாவுக்குக் கையில் காசு தீர்ந்திருக்கும் என்றார் மாமா. அந்தத் தூணின் கால் அழுகி, வீட்டின் அந்த மூலை இரண்டேகால் அங்குலம் இறங்கியிருந்தது. லோரி பட்டறை அண்ணன் பத்து டன் ஜாக்கியை இரவல் கொடுத்தார். ஒரே மூச்சில் தூக்கிவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். "அறுபது வருஷமா படுத்திருந்தவனை ஒரே நாள்ல எழுப்புனா எலும்பு முறியும்" என்று மாமா தடுத்தார். சனிக்கிழமை கால் அங்குலம், ஞாயிற்றுக்கிழமை கால் அங்குலம். ஒவ்வொரு முறையும் ஜாக்கிக்குப் பக்கத்தில் கட்டைகளை அடுக்கித் தாங்கல் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த அழுத்து. கைப்பிடியை அழுத்தும்போது வீடு முழுக்க முனகும். எங்கேயோ ஓர் ஆணி 'டிங்' என்று தெறிக்கும்.

ஐந்தாவது வாரம் கடைசிக் கால் அங்குலம். அப்போது நடந்ததைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சலிக்க வைக்கிறேன். கூடத்து ஜன்னல் ஒன்று, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மூடாதது. சாத்தினால் மேல் பக்கம் இடிக்கும், கயிறு போட்டுக் கட்டி வைப்போம். கூடத்திலிருந்த தங்கை அதைச் சும்மா தள்ளிப் பார்த்தாள். 'டக்' என்று கொண்டி விழுந்தது. அந்த ஜன்னலை யாரும் இழைக்கவில்லை, தொடக்கூட இல்லை. நான் வீட்டுக்கு அடியில் சேற்றில் மல்லாக்கப் படுத்துக் கிடந்தேன், சத்தம் மட்டும்தான் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் மாமா காப்பிக் கோப்பைக்குள் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அழுகிய இரண்டடியை அறுத்துவிட்டு, அடியில் கான்கிரீட்டில் ஒரு குட்டித் தூண் வைத்தோம். இரண்டுக்கும் நடுவே ஓரம் மடக்கிய தகரம் ஒன்று. கறையான் ஏறவே ஏறாது என்பதில்லை, ஏறினால் மண் கோடு வெளியே தெரிந்துவிடும். மாதம் ஒரு தரம் டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

அடுத்து சாமான் கடைத் தவுக்கே, அதாவது சீன முதலாளி. நம்மைவிடச் சுத்தமாகத் தோட்டத்துத் தமிழ் பேசுவார். நான் கேட்ட பொருளில் பாதியை எனக்கு விற்கவே மாட்டேன் என்றவர். "இது உனக்கு வேணாம்லா, பழசையே கழுவிப் போடு" என்று பித்தளைக் கீல்களைத் திருப்பி அனுப்பினார். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தேன், பொன் மாதிரி வந்தது. இனி அந்த மூன்று சொட்டுக்கு வருகிறேன். நெளித் தகரத்தில் ஸ்குரூவை மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் தண்ணீர் ஓடும் என்று அவர் சொன்னபோது, நான் ஏற்கெனவே அடுக்களைக் கூரை முழுக்கப் பள்ளத்தில் அடித்து முடித்திருந்தேன். பிடுங்கி மாற்றி, பழைய ஓட்டைகளுக்குப் பசை பூசினேன். ஏதோ ஓர் ஓட்டை என்னிடம் மாட்டாமல் தப்பிவிட்டது.

ஒரே ஒருவர்தான் என் கையிலிருந்து பிடுங்கினார். அது வயர்மேன் தம்பி. பழைய ஒயரைப் பிரிக்க நான் இடுக்கியோடு ஏணி ஏறியதைப் பார்த்ததும், "இறங்குங்கண்ணே, இது உங்க வேலை இல்லை" என்று வாங்கிக்கொண்டார். பதிவு பெற்ற வயர்மேன் செய்ய வேண்டிய வேலையில் வாடிக்கையாளருக்கு ஆசை வரக்கூடாதாம். மரச்சட்டத்தில் ஓடிய அந்தக் காலத்து ரப்பர் உறை ஒயர் தொட்டதும் உதிர்ந்தது. 1877இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று பக்கத்து ஊர் குவாலா கங்சாரில் இன்னும் நிற்கிறது, எங்கள் வீட்டு ரப்பர் அறுபது வருடத்தில் பொடியாகிவிட்டது. மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி போட்டார், குளியலறைச் சுடுநீருக்குத் தனியாக 10 மில்லி ஆம்பியரில் இன்னொன்று. தம்பி, அன்று உங்களிடம் கொஞ்சம் முகத்தைக் காட்டினேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டு மலாய்ப் பெரியவர் பாக் சிக்குக்கும் நன்றி. குளியலறைக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்று கண்டுபிடித்து, நான் சம்மட்டி எடுத்துப் போவதற்குள் வேலி தாண்டி ஓடி வந்தார். உடைத்திருந்தால் அந்தத் தூசு அவர் வீட்டுக்கும் போயிருக்கும். அதை எடுக்க உரிமம் உள்ளவர்களை அழைத்தேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைப் பற்றி எழுத இந்த மடல் போதாது. ஞாயிறுதோறும் கருவாட்டுக் குழம்பு வரும், கூடவே குறையும் வரும். "உங்க தாத்தா இதை இப்படி வெக்க மாட்டாரே." பழைய சாயத்தில் ஈயம் இருக்கும் என்பதால் வாசல் கதவைத் தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அடுக்கு வெளிவரும்போதும் பெரியம்மா கணக்குச் சொன்னார். கிரீம் உன் அப்பன் கல்யாணத்துக்கு. நீலம் உன் அத்தை கல்யாணத்துக்கு. அப்போ கை தவறி ரெண்டு டின் அதிகமா வாங்கிட்டு எங்க வீட்டுக்கும் அடிச்சாங்க. அடியில பச்சை வரும் பாரு என்றார். வந்தது. கதவு இப்போது பச்சை.

உத்தரத்துக்கு மேலே ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தாத்தா பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய ரசீதுகள். துண்டாடப்படும் தோட்டங்களைத் தொழிலாளர் காசிலேயே வாங்கலாம் என்று துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய சங்கம். அவரும் இந்த ஊர்க்காரர்தான். பங்கு நூறு வெள்ளி. ரசீது ஒன்பதுதான் இருந்தது. பத்தாவதைத் தாத்தா கட்டினாரா, எலி தின்றதா என்று வீட்டில் இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது.

தகரம் ஏற்றிய தோட்டத்துப் பிள்ளைகள் ஐந்து பேருக்கும் நன்றி. கூலி வேண்டாம், கோழிக்கறி போதும் என்றீர்கள். நீங்கள் சாப்பிட்ட சாப்பாட்டுக்குக் கூலியே கொடுத்திருக்கலாம். தங்கைக்கு நன்றி. இடத்தை விற்றால் வரிசை வீடு கட்டலாம் என்று ஆள் வந்தபோது, அவள் பங்குக்கு அந்தப் பணம் நிச்சயம் உதவியிருக்கும். அவள் ஒரு முறைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என் மனைவிக்கு நன்றி. ரசமட்டத்தை வாங்கிக் கொடுத்தது அவள்தான். நான் வைத்த அலமாரியில் அதை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனதும் அவள்தான்.

தை பிறந்ததும் முதல் ஞாயிறு காலை வீட்டில் பால் காய்ச்சுகிறோம். பத்திரிகை அடிக்கவில்லை, இதையே அழைப்பாக எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வாருங்கள். பின்கதவு இன்னும் ஒட்டும், கொஞ்சம் தூக்கித் தள்ளுங்கள். முற்றத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் மட்டும் யாரும் உட்கார வேண்டாம், மாமா வருவார். அடுக்களையில் மூன்றாவது கட்டைக்குக் கீழே ஒரு வாளி இருக்கும். மழை வந்தால் அதை நகர்த்தாதீர்கள்.